முற்றுப்பெறாத படைப்பும் ஆவணப்படச் சான்றும்: மாமல்லபுரம் முதல் ‘கரே பாய்ரே’ வரை

ஆய்வுச் சுருக்கம்

முதுமையிலும் நோயிலும் ஒரு திரைப்படத்தை முடிக்க முயலும் இயக்குநரைப் பதிவு செய்யும் ஆவணப்படம் வரலாற்றாய்வுக்கு எத்தகைய சான்றாகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சத்யஜித் ரே ‘கரே பாய்ரே’ படத்தை உருவாக்கிய காலத்தில் ஷியாம் பெனகல் எடுத்த ஆவணப்படம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பாலசரஸ்வதியைப் பற்றி ரே எடுத்த ‘பாலா’ என்னும் ஆவணப்படமும், ஆர்சன் வெல்ஸின் முடிவுறாப் படத்தைப் பற்றிய பிற்கால ஆவணப்படமும் அதனுடன் ஒப்பிடப்படுகின்றன. முடிவு தெரியுமுன் எடுத்த பதிவும் முடிவு தெரிந்தபின் எடுத்த பதிவும் இருவேறு வகைச் சான்றுகள் என்பதும், அவற்றை ஒரே தரத்தில் வைத்து வாசிப்பது பிழையான வரலாற்றுக்கு இட்டுச்செல்லும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: ஆவணப்படம், திரைப்பட வரலாறு, முற்றுப்பெறாத படைப்பு, சத்யஜித் ரே, ஷியாம் பெனகல், பாலசரஸ்வதி, மாமல்லபுரம்.

முன்னுரை

திரைப்பட வரலாறு பெரும்பாலும் முடிந்த படங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. வெளியான ஆண்டு, நடித்தவர், பெற்ற வரவேற்பு, பெற்ற விருது ஆகியவை அதன் அடிப்படைத் தரவுகள். ஒரு படம் முடிவதற்கு முன் நிகழ்ந்த தயக்கம், தடை, மாற்றம், உடல்நலக் குறைவு, பணமுடை போன்றவை நினைவுக் குறிப்புகளிலும் நேர்காணல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவையும் பெரும்பாலும் வெற்றிக்குப் பின்னர்ச் சொல்லப்பட்டவை. ஆகவே வேலை நடந்த முறையை அறிய விரும்பும் ஆய்வாளர், முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும் கூற்றுகளையே நம்ப வேண்டியவராகிறார்.

முதிய இயக்குநர் ஒருவரின் கடைசிக் காலப் படங்களைப் பொறுத்தவரை இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. அப்படம் முடிந்தால் அது மனவுறுதியின் வெற்றியாகவும், முடியாவிடில் அவலமாகவும் விவரிக்கப்படுகிறது. இவ்விரு விவரிப்புகளுக்கும் இடையே அன்றாட வேலை மறைந்துவிடுகிறது. அதனை மீட்டெடுக்க ஆவணப்படம் உதவுமா, உதவுமெனில் எந்நிபந்தனைகளின்படி என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவைத் தெளிவாக்கிக்கொள்ள, முற்றுப்பெறாத படைப்புகளைச் சான்றாகக் கொள்ளும் மரபு நெடுங்காலமாக நிலவும் மற்றொரு துறையிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

கல்லில் எஞ்சிய வேலைமுறை

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்தின் பல்லவர் கலைச்சின்னங்கள் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றுள் கணிசமானவை முற்றுப்பெறாதவை. ஐந்து இரதங்கள் எனப்படும் ஒற்றைக்கல் கோயில்களில் வேலை முழுமையடையாத பகுதிகளைக் காணலாம். வலையன்குட்டை இரதமும் பிடாரி இரதங்கள் இரண்டும் மேற்பகுதி உருப்பெற்று, கீழ்ப்பகுதி கரடாகவே விடப்பட்ட நிலையில் நிற்கின்றன. அருச்சுனன் தவம் என்று வழங்கும் பெரும் புடைப்புச் சிற்பத்தொகுதிக்கு, அதே பொருளில் தொடங்கிப் பாதியில் நிறுத்தப்பட்ட இன்னொரு வடிவமும் அவ்வூரிலேயே உண்டு.

பல்லவச் சிற்பியர் எவ்வாறு வேலை செய்தனர் என்பதை இன்று அறிய முடிவது இந்த முற்றுப்பெறாமையால்தான். ஒற்றைக்கல் கோயில்கள் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கப்பட்டன என்ற முடிவுக்கு, மேலே நிறைவும் கீழே குறையுமாக நிற்கும் இரதங்களே ஆதாரம். முடிவுறாத குடைவரைகளில் பாறை முகப்பில் ஆழமான பள்ளக்கோடுகளால் கட்டங்கள் வகுக்கப்பட்டிருப்பதையும், கட்டங்களுக்கு இடையில் எஞ்சிய பாறை உடைத்தெடுக்கப்பட்டிருப்பதையும் காண்கிறோம். வேலை நிறைவடைந்த குடைவரையில் இத்தடங்கள் அனைத்தும் மெருகேற்றலில் அழிந்துபோயின.

இச்சின்னங்கள் எம்மன்னர் காலத்தவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மகேந்திரவர்மன் வழிவந்த மாமல்லன், பரமேசுவரன், இராசசிம்மன் ஆகியோர் காலங்களில் படிப்படியாக உருவானவை என்பது நெடுநாள் கருத்து. இராசசிம்மன் ஒருவன் காலத்தே உருவானவை என்பது இரா. நாகசாமி 1962இல் முன்வைத்த வாதம். இவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றாலும், கல் தன் வேலைநிலையைத் தானே காட்டுகிறது என்பதில் மாறுபாடில்லை. வேலை நின்ற நாளின் நிலை அப்படியே எஞ்சியுள்ளது. அதனைப் பிற்காலத்தவர் எவரும் விளக்கவுரை சேர்த்து மாற்றவில்லை.

திரைப்படத்துக்கு இவ்வாய்ப்பு இல்லை. பாதியில் நின்ற படத்தின் சுருள்கள் படப்பதனிடும் கூடத்தில் கிடந்து அழியும், கடன்காரரிடம் சிக்கும், வெள்ளிக்காகக் கரைக்கப்படவும் கூடும். அவை எஞ்சினாலும், படம்பிடித்த நாளில் தளத்தில் இயக்குநர் என்ன செய்தார் என்பதைச் சுருள் சொல்வதில்லை. கேமராவுக்கு முன் நின்றவை மட்டுமே அதில் பதிவாகின்றன. கேமராவுக்குப் பின் நின்றவரைக் காட்ட மற்றொரு கேமரா வேண்டும். ஆவணப்படத்தின் வரலாற்றுப் பயன் இங்கிருந்தே தொடங்குகிறது.

‘பாலா’: தாமதித்து வந்த கேமரா

பின்னாளில் தாமே ஆவணப்படம் ஒன்றின் பொருளாக மாறிய சத்யஜித் ரே (1921–1992), அதற்கு முன்னர்ப் பிற கலைஞர்களைப் பற்றிய ஆவணப்படங்களை எடுத்தவர். இரவீந்திரநாத் தாகூரைப் பற்றி 1961இலும், பார்வை இழந்த பின்னும் ஓவியப் பணியைத் தொடர்ந்த பினோத் பிகாரி முகர்ஜியைப் பற்றி 1972இலும் படங்களை உருவாக்கினார். பரதநாட்டியக் கலைஞர் த. பாலசரஸ்வதியைப் பற்றிய ‘பாலா’ 1976இல் உருவானது. தமிழ்நாட்டு அரசும் மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் இணைந்து அதனைத் தயாரித்தன.

பாலசரஸ்வதி 1918இல் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. பாடகி ஜெயம்மாளின் மகள். கந்தப்பப் பிள்ளையிடம் நடனம் பயின்ற அவரது அரங்கேற்றம் 1925இல், ஏழாம் அகவையில், காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில் நிகழ்ந்தது. அக்காலத்தில் காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. கோயிலோடும் இசைவேளாளர் குடும்பங்களோடும் பிணைந்திருந்த அந்த ஆடல்மரபு, தேவதாசி ஒழிப்பு இயக்கத்தாலும் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தாலும் பெரும் மாற்றத்துக்கு உள்ளானது. அம்மரபின் நேரடித் தொடர்ச்சியாகப் பொதுமேடையில் நின்றவர் என்ற வகையில் பாலசரஸ்வதியின் ஆடல் வரலாற்று முதன்மை வாய்ந்தது.

ரே 1935இல், தம் பதினான்காம் அகவையில், கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆடலைக் கண்டவர். அவரைப் பற்றிப் படமெடுக்கும் எண்ணம் 1960களின் நடுப்பகுதியில் உருவாகியும், படப்பிடிப்பு ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே கைகூடியது. அப்போது பாலசரஸ்வதிக்கு 58 வயது. ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும் அப்படத்தில் அவர் கடலைப் பின்னணியாகக் கொண்டு, புடவையைக் காற்று அலைக்கழிக்க, ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பாடலுக்கு அபிநயம் பிடிக்கிறார். பின்னர் முழு ஆடையணிகளுடன் வர்ணம் ஆடுகிறார்.

இப்படம் பாலசரஸ்வதியின் கலைவீச்சுக்கு ஈடாகவில்லை என்ற குறை நடன ஆர்வலரிடையே உண்டு. இளமையில் அவரது ஆடலைக் கண்டவர்களுக்கு அக்குறை இயல்பே. ரேயும் இப்படத்தின் பயனைப் பெரும்பாலும் ஆவணப் பயனாகவே கருதினார்; படமெடுக்காமல் விட்டிருப்பதைக் காட்டிலும் காலந்தாழ்ந்தேனும் எடுத்தது மேல் என்பது அவரது நிலைப்பாடு. இந்நிலைப்பாடு ஒரு முறையியல் உண்மையை உள்ளடக்கியது. ‘பாலா’ 1930களின் பாலசரஸ்வதிக்குச் சான்றாகாது. 1976இன் பாலசரஸ்வதிக்கு மட்டுமே சான்று. கடற்காற்றோடு போராடும் அந்த உடல், கால் நூற்றாண்டுக்கு முந்தைய மேடையில் நின்ற உடல் அன்று. முதிர்ந்த அபிநயம் என்பது இளமை ஆட்டத்தின் குறைவுபட்ட எச்சம் எனக் கருதாமல், தனியொரு கலைநிலையாக அதனை ஆராய வேண்டும் என்பதையே அப்படம் கோருகிறது.

‘கரே பாய்ரே’: முப்பத்தைந்தாண்டுத் திட்டம்

தாகூரின் ‘கரே பாய்ரே’ நாவல் 1916இல் நூல்வடிவம் பெற்றது. 1905ஆம் ஆண்டின் வங்கப் பிரிவினையைத் தொடர்ந்த சுதேசி இயக்கமே அதன் பின்புலம். இதனைப் படமாக்கும் முயற்சியில் ரே 1940களின் பிற்பகுதியிலேயே ஈடுபட்டார். அவரது முதற்படமான ‘பதேர் பாஞ்சாலி’ (1955) அப்போது உருவாகவில்லை. நண்பர் ஹரிசாதன் தாஸ்குப்தா இயக்குவதாயிருந்த அப்படத்துக்கு ரே திரைக்கதை எழுதினார். தயாரிப்புத் தரப்பு கேட்ட மாற்றங்களுக்கு அவர் இசையாததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னாளில் அப்பழைய திரைக்கதையைப் படித்த ரே, அது அன்று படமாகாததே நன்று என்று கருதினார். 1980களில் புதிதாக எழுதிய திரைக்கதையுடன் அதே நாவலுக்கு அவர் திரும்பினார்.

இத்தொடர்ச்சி கவனத்துக்குரியது. ஒரு முதிய இயக்குநர் முடிக்கப் போராடும் படம் பல வேளைகளில் இளமையில் தொடங்கிய படமாக இருக்கிறது. ஆனால் அது அதே படம் அன்று. இடையில் முப்பத்தைந்து ஆண்டுகளாக வளர்ந்த தொழில்நுட்ப அறிவும் மாறிய அரசியல் பார்வையும் அதனை வேறாக்கிவிட்டன. கல்லில் வேலை நின்ற இடத்திலிருந்தே தொடரவேண்டும். திரையில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1983இல் ரேக்குக் கடுமையான மாரடைப்பு ஏற்பட்டது. எஞ்சிய பகுதிகளை அவருடைய அறிவுறுத்தலின்படி மகன் சந்தீப் ரே முடித்தார். படம் 1984ஆம் ஆண்டுக் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அவ்வாண்டு ரே அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதய அறுவைச் சிகிச்சை மேற்கொண்டார். அடுத்து அவர் கதைப்படம் ஒன்றை இயக்கி முடித்தது 1989இல்தான். இப்சனின் நாடகத்தைத் தழுவிய அந்தக் ‘கணசத்ரு’ மருத்துவர்களின் கட்டுப்பாட்டின் காரணமாகப் படக்கூடத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது.

உடல் தளர்வு வேலைமுறையையே மாற்றியது என்பதற்கு இங்கு உறுதியான அடையாளங்கள் உண்டு. 1960களின் முற்பகுதியிலிருந்து ரே கேமராவைத் தாமே கையாண்டு வந்தார். தம் படங்களுக்குத் தாமே இசையமைத்தார். ‘கரே பாய்ரே’யின் பிற்பகுதி தொடங்கிக் கேமராவைக் கையாளும் பொறுப்பு சந்தீப் ரேயிடம் சென்றது. காட்சிச் சட்டகத்தைத் தம் கண்ணாலேயே பார்த்து முடிவு செய்த ஒருவர், பிறர் கண்வழியே அதனைச் செய்ய வேண்டியதாயிற்று. ஆயினும் ரேயின் திட்டமிடல் தாளில் பதிந்திருந்தது. சிவப்புத் துணி அட்டையிட்ட வணிகர் கணக்கேடுகளில் காட்சிக் குறிப்பு, ஓவியம், உடை, அரங்க அமைப்பு, இசைக்குறிப்பு ஆகியவற்றை எழுதிவைப்பது அவரது நெடுநாள் வழக்கம். குடைவரையின் முகப்பில் வகுத்த கட்டங்களைப் போல, இன்னொருவர் கை வேலையைத் தொடர்வதற்கு இத்தகைய ஏடுகள் இடமளிக்கின்றன.

பெனகலின் ஆவணப்படம்: முடிவை அறியாத சான்று

இந்திய அரசின் திரைப்படப் பிரிவுக்காக ஷியாம் பெனகல் எடுத்த ‘சத்யஜித் ரே’ ஆவணப்படம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. 1980களின் முற்பகுதியில் படம்பிடிக்கப்பட்டது. அதன் முதன்மைப் பகுதி நெடிய உரையாடல்: கல்கத்தாவில் தம் இல்லத்தில் அமர்ந்து ரே தம் கல்வி, குடும்ப மரபு, விளம்பரத்துறைப் பணி, ஒவ்வொரு படத்தின் உருவாக்கம் ஆகியவற்றை விளக்குகிறார். அவருடைய படங்களின் பகுதிகள் இடையிடையே வருகின்றன. இவற்றோடு ‘கரே பாய்ரே’ படப்பிடிப்புத் தளத்தில் ரே இயங்கும் காட்சிகளும் இடம்பெற்றுள்ளன. இந்த ஆவணப்படத்தின் உரையாடல் 1988இல் கல்கத்தாவில் நூலாகவும் வெளிவந்தது.

இவ்வாவணப்படம் ஒரு போராட்டத்தைச் சித்திரிக்கத் திட்டமிட்டு எடுக்கப்பட்டதன்று. வாழ்க்கை வரலாற்றுப் படமே அதன் வகைமை. படத்தளக் காட்சிகள் எடுக்கப்பட்டபோது ரே நோயுறவில்லை; அவர் தாமாக நடந்து, நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, கேமராவின் பின்னே நின்று வேலை செய்தவர். அப்படத்தை அவரால் தம் கையால் முடிக்க இயலாது போகும் என்பதைத் தளத்தில் இருந்த எவரும் அறிந்திருக்க முடியாது. பார்வையாளர் மட்டுமே அதனை அறிவார்.

இந்த அறியாமையே இவ்வாவணப்படத்தின் வரலாற்று மதிப்பு. முடிவை அறியாத கேமரா, அம்முடிவுக்குப் பொருத்தமான காட்சிகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதில்லை. சோர்வின் அறிகுறியைத் தேடி முகத்தை நெருங்குவதில்லை. துயர இசையைச் சேர்ப்பதில்லை. அது காட்டுவது சாதாரண வேலைநாள். ரே தம் தொழிலின் முழு ஆற்றலுடன் எவ்வாறு இயங்கினார் என்பதற்கும், 1983க்குப் பின் எதனை இழந்தார் என்பதற்கும் அச்சாதாரண வேலைநாளே அளவுகோல். முழுநலத்துடன் அவர் இயங்கிய முறைக்குப் பதிவு இல்லாவிடில், ‘கணசத்ரு’ போன்ற பிற்காலப் படங்களின் அடக்கமான அரங்கமைப்பு எவ்வளவு தூரம் கலைத்தேர்வு, எவ்வளவு தூரம் உடற்கட்டாயம் என்ற வினாவைத் தொடங்கவே இயலாது.

‘பாலா’வோடு ஒப்பிடும்போது ஒரு முரண் புலப்படுகிறது. தாம் பெரிதும் மதித்த நடனக் கலைஞரிடம் ரே பத்தாண்டு தாமதமாகச் சென்றார். அவரிடம் பெனகல் உரிய காலத்தில் சென்றார். ஆனால் அது உரிய காலம் என்பது பின்னரே தெரிந்தது. பாலசரஸ்வதி மறைந்ததும் ‘கரே பாய்ரே’ நிறைவுற்றதும் 1984ஆம் ஆண்டிலேயே. ஆவணப்படுத்துவதற்குரிய தருணம் எது என்பதைக் கலைஞர் வாழும்போது எவராலும் உறுதியாகக் கூற முடியாது; ஆகவே காத்திருப்பதற்கு வரலாற்று நியாயம் எதுவும் இல்லை.

முடிவு தெரிந்தபின் எடுத்த ஆவணப்படம்

இதற்கு மறுதலையான வகைக்கு ஆர்சன் வெல்ஸின் (1915–1985) ‘தி அதர் சைடு ஆஃப் தி விண்ட்’ படத்தைப் பற்றி மார்கன் நெவில் 2018இல் எடுத்த ஆவணப்படம் தக்க எடுத்துக்காட்டு. ‘தே வில் லவ் மி வென் ஐ ஆம் டெட்’ என்பது அதன் பெயர். வெல்ஸின் படமே ஒரு முதிய இயக்குநர் தம் கடைசிப் படத்தை முடிக்க முயல்வதைப் பற்றியது; அந்த இயக்குநராக ஜான் ஹூஸ்டன் நடித்தார். 1970 முதல் 1976 வரை விட்டுவிட்டு நடந்த படப்பிடிப்புக்கு, ஈரானிய மன்னரின் உறவினர் ஒருவர் தொடர்புடைய நிறுவனத்தின் முதலீடும் கிடைத்தது. 1979இன் ஈரானியப் புரட்சியும் உரிமைச் சிக்கல்களும் படச்சுருள்களைப் பாரிஸில் முடக்கின. வெல்ஸ் 1985இல் மறைந்தார். படம் பிறரால் தொகுக்கப்பட்டு, நெவிலின் ஆவணப்படத்தோடு 2018இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளியானது.

நெவிலின் படம் தரவுகளால் செறிந்தது. உடன் வேலை செய்தோரின் நினைவுகளும் வெல்ஸ் எடுத்த மூலக் காட்சிகளும் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. எனினும் அது தொடக்கத்திலிருந்தே முடிவை அறிந்த படம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பேசுவோர், வெல்ஸின் ஒவ்வொரு செயலையும் அப்படம் முடியாமற் போனதற்கு முன்னறிகுறியாக நினைவுகூர வாய்ப்புண்டு. படத்துக்குள் இருக்கும் கற்பனை இயக்குநரின் நிலையும் உண்மை இயக்குநரின் நிலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கதை தானாகவே அவல வடிவம் கொள்கிறது. இது நெவிலின் குறையன்று. அவ்வகைச் சான்றின் இயல்பு. கல்வெட்டையும் பிற்காலத் தலபுராணத்தையும் ஒரே நிகழ்ச்சிக்கு ஒரே தரச் சான்றாகக் கொள்ளாத வரலாற்று மாணவர், இங்கும் அவ்வேறுபாட்டைக் கைக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவையும் உண்டு. அகிரா குரோசாவா எழுபது வயதைக் கடந்து ‘ரான்’ படத்தை எடுத்தபோது கிறிஸ் மார்க்கர் எடுத்த ‘ஏ.கே.’ (1985) படத்தளத்தின் காத்திருப்பையும் மூடுபனியையும் பதிவு செய்தது. டெர்ரி கில்லியமின் டான் குவிக்சோட் படத்தைப் பற்றிய ‘லாஸ்ட் இன் லா மாஞ்சா’ (2002) படப்பிடிப்பின் வழக்கமான துணைப்பதிவாகத் தொடங்கி, அப்படப்பிடிப்பே குலைந்ததால் தோல்வியின் ஆவணமாக மாறியது. கில்லியம் அப்படத்தை 2018இல்தான் முடித்தார். இங்குப் படம்பிடிக்கும்போது முடிவு தெரியாது, படத்தொகுப்பின்போது தெரியும். ஆகவே காட்சிகள் ஒரு காலத்துக்கும் அவற்றின் வரிசை இன்னொரு காலத்துக்கும் சான்றாகின்றன. ஓர் ஆவணப்படத்துக்குள்ளேயே இரு காலங்கள் உறைகின்றன என்பதை இது காட்டுகிறது.

நிறைவு செய்தவர் யார்

முதிய இயக்குநரின் கடைசிப் படத்தில் எழும் மற்றொரு வினா ஆக்கியோனைப் பற்றியது. ‘கரே பாய்ரே’யின் ஒரு பகுதி சந்தீப் ரேயால் எடுக்கப்பட்டது, எனினும் அது சத்யஜித் ரேயின் படமாகவே வழங்குகிறது. இயக்குநர் உயிருடன் இருந்து அறிவுறுத்தியதும் படத்தின் இறுதி வடிவத்தை ஏற்றதும் இதற்கு நியாயம் ஆகின்றன. வெல்ஸின் படத்திலோ அவர் தம் கையால் தொகுத்தது ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியவை அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிறர் ஊகித்தவை. ரித்விக் கட்டக், சிற்பி ராம்கிங்கர் பைஜைப் பற்றி 1975இல் தொடங்கிய ஆவணப்படம், 1976இல் தம் ஐம்பதாம் அகவையில் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமலே நின்றது.

இம்மூன்று நிலைகளையும் ‘இறுதிப் படைப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது. அறிவுறுத்தலின்படி நிறைவுற்றது, மறைவுக்குப் பின் பிறரால் நிறைவுற்றது, நிறைவுறாமல் நின்றது எனப் பிரித்துக் காணும்போதே ஒவ்வொன்றிலும் இயக்குநரின் பங்கை வரையறுக்க முடியும். இப்பிரிப்புக்கு வேண்டிய தரவை முடிந்த படம் தருவதில்லை. குறிப்பேடு, தளப்பதிவு, உடனிருந்தோர் கூற்று ஆகியவையே தருகின்றன.

தமிழ்ச் சூழல்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் இழப்பின் அளவு பெரிது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமெனக் கருதப்படும் ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் படியும் கிடைக்கவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தோன்றுவதற்கு முன்பே பெரும்பகுதி அழிந்துவிட்டது. முடிந்த படங்களே எஞ்சாத நிலையில், அவை உருவான முறையைப் பற்றிய பதிவை எதிர்பார்ப்பது மிகையெனத் தோன்றலாம்.

ஆயினும் எதிர்ச்சான்று ஒன்று உண்டு. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக ஏ.கே. செட்டியார் பல நாடுகளுக்குப் பயணம் செய்து படத்துண்டுகளைத் தேடித் திரட்டினார். அப்படம் 1940இல் வெளியானது. அன்று தமிழில் திரையிடப்பட்ட வடிவம் முழுமையாக இன்று நமக்குக் கிட்டவில்லை. ஆனால் படம் உருவான கதையைச் செட்டியார் எழுதினார். அவ்வெழுத்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாக ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் கிடைக்கிறது. படத்தைக் காட்டிலும் அதன் உருவாக்கப் பதிவு நன்கு நிலைத்ததற்கு இது தமிழில் சிறந்த எடுத்துக்காட்டு.

முதுமைப் படைப்புக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு பாலு மகேந்திரா (1939–2014). எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றைத் தாமே ஏற்று, முதன்முறையாக முக்கிய வேடத்திலும் நடித்து அவர் உருவாக்கிய ‘தலைமுறைகள்’ 2013 திசம்பரில் வெளியானது. 2014 பிப்ரவரியில் அவர் மறைந்தார். இங்கு முதிய உடல் கேமராவுக்கு முன்னும் பின்னும் ஒருங்கே நின்றது. முன் நின்ற உடலைப் படம் காட்டுகிறது. பின் நின்றவர் அந்நாட்களில் எவ்வாறு வேலை செய்தார் என்பதை அறிய, படத்துக்கு வெளியே உள்ள பதிவுகளையே நாட வேண்டும். இத்தகைய தளப்பதிவுகள் தயாரிப்பு நிறுவனங்களிடமும் உதவியாளர்களிடமும் எண்மக் கோப்புகளாகச் சிதறியிருப்பது இக்காலத்தின் இயல்பு. விளம்பரத் தேவை முடிந்ததும் அவை அழிக்கப்படும் வாய்ப்பு, நைட்ரேட் சுருள்கள் அழிந்த வாய்ப்பைக் காட்டிலும் குறைவானதன்று.

நிறுவன நிலையிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. பெனகலின் படத்தைத் தயாரித்த திரைப்படப் பிரிவு 1948இல் தொடங்கப்பட்டது. அதுவும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டன. ஒரு முதிய கலைஞரை வணிக நோக்கமின்றி நெடுநேரம் படம்பிடிக்கப் பொதுநிதி கிடைத்த சூழலே பெனகலின் படத்தைச் சாத்தியமாக்கியது. ‘பாலா’வுக்கும் அத்தகைய ஆதரவே துணைநின்றது, அதில் தமிழ்நாட்டு அரசின் பங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. அந்த முன்னுதாரணம் தமிழ்த் திரை இயக்குநர்களைப் பொறுத்தவரை தொடர்ச்சியான திட்டமாக வளரவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, முதிய இயக்குநர் ஒருவரின் படமுயற்சியைப் பற்றிய ஆவணப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அது வெளியான ஆண்டோடு நில்லாமல், அதன் காட்சிகள் எடுக்கப்பட்ட காலத்தையும் தொகுக்கப்பட்ட காலத்தையும் தனித்தனியே அறிய வேண்டும். முயற்சியின் முடிவு தெரியுமுன் எடுத்தவை வேலைமுறைக்கும், தெரிந்தபின் எடுத்தவை நினைவு உருவாகும் முறைக்கும் முதன்மைச் சான்றுகள்.

இரண்டாவது, முதுமைக் காலப் படைப்பை இளமைக் காலச் சாதனையின் நிழலாகவோ மனவுறுதியின் அற்புதமாகவோ விளக்குவதற்கு முன், உடல் தளர்வு வேலைப் பங்கீட்டில் நிகழ்த்திய மாற்றத்தை ஆராய வேண்டும். கேமரா யார் கைக்கு மாறியது, வெளிப்புறப் படப்பிடிப்பு எப்போது நின்றது, எவ்வேடு எவருக்கு வழிகாட்டியது என்பவை விடை காணத்தக்க வினாக்கள்.

மூன்றாவது, மாமல்லபுரத்தின் முற்றுப்பெறாத பாறைகள் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தம் உளித்தடங்களைக் காத்துவந்துள்ளன. திரைப்படத்தின் உளித்தடங்கள் ஒரு தலைமுறைக்குள் அழியக்கூடியவை. இன்று பணியாற்றும் முதிய தமிழ் இயக்குநர்களின் தளப்பதிவுகள், திரைக்கதை ஏடுகள், பயன்படுத்தாத காட்சிகள் ஆகியவற்றைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் காட்சித் தொடர்பியல் துறைகளும் இணைந்து திரட்டத் தொடங்கினால், பிற்கால ஆய்வு பாராட்டுரைகளை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. அதனைப் படம் முடியும்வரை ஒத்திவைப்பதாயின், ‘பாலா’வுக்கு நேர்ந்த தாமதமே இங்கும் நேரும்.